படி பதினொன்று

முகவரி கிடைக்கவில்லை. மறுபடியும் அதே சிவப்பு வரி. செவ்வாய், புதன், இன்றைக்கு வியாழன், மூன்று நாளாக இந்த ஒரு வரியைத்தான் வெறித்துக்கொண்டிருக்கிறேன், பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட இந்த வாரம் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. கம்பெனி கொடுத்த ஆவணத்தில் இருபத்து மூன்று படிகள். புதிதாகச் சேருகிறவர் ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே போனால் கடைசியில் கம்பெனியின் வெப்சைட் அவருடைய லேப்டாப்பிலேயே ஓடும், அப்புறம் அதில் கை வைத்துத் திருத்தலாம், சேர்க்கலாம், வேலை என்பதே அதற்குப் பிறகுதான். கல்யாண மண்டபம் பதிவு செய்கிற வெப்சைட். முதல் பத்துப் படியைச் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். பதினொன்றாவது படியில் ஒரே ஒரு கட்டளை. அதை அடித்து என்டர் தட்டினால் கம்பெனியின் சர்வரிலிருந்து ஒரு சின்ன மென்பொருள் பொதி இறங்கி வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான், அதில் ஒரு சாமர்த்தியமும் கிடையாது, என் மூன்று வயது மகள் மகிழினியைக் கூப்பிட்டு இந்தப் பட்டனைத் தட்டு என்றால் தட்டுவாள். தட்டினேன். இறங்கவில்லை. தினகரைக் கேட்டேன். தினகர் என் டீம் லீட், என்னைவிட ஆறு வயது சின்னவன், என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவான், அந்த மேடத்தில் மரியாதை இல்லை, வயசாளி பஸ் ஏறும்போது கண்டக்டர் பார்த்துப் பார்த்து என்பாரே, அந்தக் குரல். "என் மெஷின்ல ஓடுதுங்களே மேடம். உங்க வீட்டு நெட்டைப் பாருங்க. எல்லாரும் அரை மணி நேரத்துல முடிச்சர்றாங்க." எல்லாரும். அரை மணி நேரத்தில். நேற்று சாயங்காலம் அதற்கு மேலும் ஒன்று சொன்னான். "நாளைக்கு ஒரு மணி வீடியோ கால்ல பேஜ் வரலைன்னா விடுங்க மேடம், டெஸ்டிங்ல போட்டர்றேன். உங்களுக்கும் ஈசியா இருக்கும், பாப்பா வேற இருக்கு." பாப்பா வேற இருக்கு. இருக்குதான். பாப்பா இருப்பதால் பதினொன்றாவது படி ஓடவில்லையா, பாப்பா போய் உன் சர்வர் ஒயரைப் பிடுங்கிவிட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். "சரிங்க தினகர்" என்றேன். அந்த சரிங்க இன்னும் நாக்கில் கசக்கிறது. இப்போது மணி ஒன்பது ஐம்பது.

நெட்டைப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன நெட்டை நான் பார்க்காத பார்வையா. நெட் பெட்டியை அணைத்து முப்பது எண்ணி மறுபடி போட்டேன். மொபைல் நெட்டில் போட்டேன், பால்கனியில் போய் நின்று போட்டேன், துணி காயப்போடுகிற கொடிக்கு அடியில் ஈரத் துண்டு கழுத்தில் உரச லேப்டாப்பை ஒரு கையில் தாங்கிக்கொண்டு போட்டேன். வேலு, என் வீட்டுக்காரர், நல்ல மனுஷன்தான், பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறார், ஷூ மாட்டிக்கொண்டே "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா கோதை?" என்றார். ஒன்பது வருஷம் இதையே தொழிலாகச் செய்தவளைப் பார்த்து ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா. அவர் பம்ப்பைப் பார்த்து நான் என்றைக்காவது தண்ணி ஊத்திப் பாத்தீங்களா என்று கேட்டிருக்கிறேனா. கேட்கவில்லை, ஆனால் நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு கூட என்று சொன்னவரிடம் ரெண்டு நாளா உப்புதான் தெரியுது உங்களுக்கு என்று எரிந்து விழுந்தேன், பாவம் அவர் தட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார், மகிழினி மட்டும் "அம்மா கத்துது" என்றாள். கத்தியது. உண்மைதான். கத்தவேண்டிய இடத்தில் சரிங்க என்றுவிட்டு, கத்தக்கூடாத இடத்தில் கத்துகிறது அம்மா. நேற்றே எதிர்வீட்டு ஜெயந்தி அக்காவிடம் போய் அவர்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் கேட்டேன், அதுவும் நடந்தது. மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்து, "எதுக்கு கண்ணு, உங்க நெட்டு போயிருச்சா? எங்களுது போகவே போகாது" என்று சொல்லி, பாஸ்வேர்டாகப் பையன் பேரையும் பிறந்த வருஷத்தையும் சொன்னார், அவன் என்ஜினியரிங் சேர்ந்த கதையையும் சொன்னார். மாடிப்படி வளைவில் அவர்கள் செருப்பு ஸ்டாண்டின் மேல் லேப்டாப்பை வைத்து, குனிந்து, யாருடைய செருப்போ மூக்குக்கு நேரே இருக்க, தட்டினேன். முகவரி கிடைக்கவில்லை. அக்கா கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "வேலைக்குப் போறேன்னியே கண்ணு, இன்னும் ஆரம்பிக்கலையா?" இல்லைக்கா. ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்க விட்டால்தானே.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்கிறது. லேப்டாப்பின் அடிப்பக்கம் தொடையைச் சுடுகிறது. குக்கரில் பருப்பு வைத்தேனா, வைத்தேன், எத்தனை விசில் வந்தது தெரியவில்லை, மூன்றா நான்கா, முன்பெல்லாம் இப்படி இல்லை, முன்பெல்லாம் இருநூறு பக்க நிரலில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இப்போது விசிலை எண்ண முடியவில்லை. அப்படியானால் அது உண்மையா. பிள்ளை பெற்றால் மூளை பாதி போய்விடும் என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள், நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன் தெரியவில்லை. மூன்றரை வருஷம். இன்டர்வியூவில் அந்த ஆள் திரையைப் பார்த்தபடியே "இந்த கேப்ல என்ன பண்ணீங்க?" என்றார். கேப். சுவரில் விழுந்த ஓட்டையைச் சொல்வதுபோல. என்ன பண்ணினேன். காய்ச்சல் நூற்று மூன்று ஏறிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிகிறவரை நடந்தேன். தூங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்தேன். எதற்கு அழுகிறது என்று தெரியாத ஒரு உயிரிடம் பசியா வலியா பூச்சிக்கடியா என்று ஒவ்வொன்றாக விலக்கி விலக்கிக் கண்டுபிடித்தேன், அதைவிட ஒரு பயிற்சி இந்த வேலைக்கு உண்டா, அதைச் சொல்லியிருக்கலாம். "ஃபேமிலிங்க சார்" என்றேன். எப்போதும் இப்படித்தான், பதில் அப்புறம்தான் வருகிறது, பருப்புப் பாத்திரம் கழுவும்போது. டெஸ்டிங்கைக் குறைவாகச் சொல்லவில்லை. நல்ல டெஸ்டர்களோடு வேலை செய்திருக்கிறேன், நான் விட்ட ஓட்டையை எல்லாம் பிடித்து என் மானத்தைக் காப்பாற்றியவர்கள். ஆனால் அது அவர்கள் கற்ற வேலை. எனக்கு அதை வேலையாகத் தரவில்லையே அவன், ஓரமாகப் போய் உட்கார் என்று தருகிறான். ஒருதரம் அந்த ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள். எனக்குத் தெரியும், இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரும் என்னைவிடக் கெட்டிக்காரிகள்.

பத்து முப்பத்தைந்து. தட்டு. முகவரி கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் படியிலிருந்து மறுபடியும் போடலாமா, ஐந்தாவது முறையாக. என் பெயரில் ஏதாவது அனுமதி தரவில்லையோ, பழைய பதிப்பு போட்டிருக்க வேண்டுமோ, ஏதோ ஒரு எழுத்தை நான்தான் விட்டுவிட்டேனோ. நான்தான். என் வீடு, என் நெட், என் கை. நில். கொஞ்சம் நில் கோதைநாயகி. வீட்டு நெட்டில் இல்லை, மொபைலில் இல்லை, எதிர்வீட்டிலும் இல்லை. மூன்று இடத்திலும் இதே பதில் என்றால். பிள்ளை அழுதால் முதலில் என்ன பார்ப்பேன். முகவரி கிடைக்கவில்லை என்று மூன்று நாளாக இந்த மெஷின் கத்திக்கொண்டிருக்கிறதே, அந்த முகவரி இருக்கிறதா என்று ஒருதரமாவது பார்த்தேனா. பார்க்கவில்லை. ஒரு நிமிஷ வேலை. ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்து இது உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்கிற ஒற்றை வரி, பழைய ஆபீசில் காலையில் காபி ஆறுவதற்குள் பத்து தடவை அடித்திருப்பேன், புதுசாக வந்த பிள்ளைகளிடம் முதலில் இதைப் பார், அப்புறம் அழு என்று நானே சொல்லியிருக்கிறேன். அடித்தேன். அப்படி ஒன்று இல்லை. எங்கேயும் இல்லை. பெயரே பதிவில் கிடையாது. என் வீட்டிலும் பிரச்சினை இல்லை, ஜெயந்தி அக்கா வீட்டிலும் பிரச்சினை இல்லை, அந்த சர்வரே கிடையாது. சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை மதியமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அவன் உங்க வீட்டு நெட் என்றதும் நான் நம்பினேன், அவன் சொன்ன உடனே, ஒரு நொடி தாமதிக்காமல், ஏனென்றால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எனக்குள்ளேயே ஒருத்தி மூன்றரை வருஷமாகத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். அவளை என்ன செய்வது. அவனையாவது திட்டலாம். அவளை என்ன செய்வது.

டீமில் எனக்கு முன்னால் கடைசியாகச் சேர்ந்தவள் ஃபர்ஹானா. கரும்புக்கடை ஏரியாப் பெண், கல்லூரி முடித்து எட்டு மாதம், முதல் நாள் வீடியோ காலில் என்னைப் பார்த்துக் கையாட்டிய ஒரே ஆள். போன் போட்டேன். "ஃபர்ஹானா, படி பதினொன்னு நீ எப்படிப் பண்ணினே?" "பதினொன்னு எதுக்கா?" அந்த சர்வர்லேர்ந்து இறக்கறது. "ஓ... அதெல்லாம் நான் பண்ணலைக்கா. நம்ம டீம் மதன் அவரோட ஃபோல்டரை அப்படியே ஒரே ஃபைலா ஜிப் பண்ணிக் குடுத்தாரு. அதுல எல்லாம் இருக்கும், விரிச்சா போதும்." மதனுக்கு யார் கொடுத்தது. "அவருக்கு தினகர் சார் குடுத்தாருன்னு நினைக்கிறேன். தினகர் சாருக்கு முன்னாடி இருந்தவங்க யாரோ. எல்லாரும் அப்படித்தான்க்கா வாங்குவாங்க. அந்த சர்வர் ரெண்டு வருஷமா இல்லைன்னு மதன் சொன்னாரு." இரண்டு வருஷமாக. மூணு நாளா நான் தவிக்கறது உனக்குத் தெரியுமில்லம்மா என்று கேட்டேன். "நீங்க சீனியர்க்கா, தெரிஞ்சுதான் ஏதோ பெருசா பாக்கறீங்கன்னு நினைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. நான் இப்பவே அனுப்பட்டுமா?" அவளைத் திட்ட என்ன இருக்கிறது. ஆக இந்த ஆவணத்தை முதல் படியிலிருந்து ஒழுங்காகச் செய்து பார்த்த ஒரே முட்டாள் நான். மற்ற எல்லாரும் ஒருவர் வைத்திருந்ததை ஒருவர் வாங்கி விரித்துக்கொண்டவர்கள். தினகர் பொய் சொன்னானா, இல்லை அவனுக்கே மறந்துபோய்விட்டதா. பொய் என்றால் அயோக்கியத்தனம். மறந்துவிட்டான் என்றால் அது இன்னும் மோசம், தான் செய்யாத வேலையைச் செய்ததாக மனப்பூர்வமாக நம்பிக்கொண்டு இன்னொருத்தியை ஓரத்தில் உட்காரச் சொல்கிறான்.

"அனுப்பு" என்றேன். பதினொன்று நாற்பதுக்கு இறங்க ஆரம்பித்தது. பெரிய ஜிப். பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வீடியோ காலில் எல்லார் முன்னாலும் இந்த சர்வர் செத்து இரண்டு வருஷம் ஆச்சு என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் என்ன ஆகும், பேஜ் வரலையா மேடம் என்பான், வரலை என்பேன், டெஸ்டிங். காரணம் சொல்கிறவள் என்று பேர் வேறு. முதலில் பேஜ் வரட்டும். முதலில் வேலை நிலைக்கட்டும். அப்புறம் பேசலாம். இந்த அப்புறம் பேசலாம் என்பதிலேயே என் பாதி ஆயுள் போயிற்று. பன்னிரண்டு பத்துக்கு இறங்கி முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக அரை மணி நேரம். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. விரித்தேன், ஓட்டினேன், புதிதாக ஒரு சிவப்பு வரி. தேன்மொழி என்ற ஃபோல்டர் இல்லையாம். ஃபர்ஹானாவைக் கேட்டேன். "ஆமாக்கா, மறந்துட்டேன். தேன்மொழின்னு ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதுக்குள்ள வைக்கணும், இல்லன்னா ஓடாது. எல்லார் மெஷின்லயும் இருக்கும்." யாரது தேன்மொழி? "தெரியலக்கா. நான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி." அந்தத் தேன்மொழியின் மெஷினில் ஓடியிருக்கிறது. நிரலில் அவள் பெயர் எழுதியிருந்த இடத்தை மாற்றக்கூட யாருக்கும் பொறுமை இல்லை, எல்லா மெஷினையும் அவளுடைய மெஷின் மாதிரி வேஷம் போட வைத்துவிட்டார்கள். நானும் போட்டேன். தேன்மொழி என்று அடித்தேன். எழுத்து எழுத்தாக, ஒருவேளை அவளும் ஏதோ ஒரு ஹாலில் குக்கர் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாளோ, இல்லை, ஆபீசில்தான் இருந்திருப்பாள், எனக்கென்ன தெரியும். பன்னிரண்டு நாற்பதுக்கு பேஜ் திறந்தது. மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் பல் தெரியச் சிரிக்க, உங்கள் நல்ல நாளுக்கு நல்ல மண்டபம் என்றது. அந்த இரண்டு முகத்தையும் அறைய வேண்டும் போலிருந்தது.

ஒரு மணிக்கு வீடியோ கால். ஆறு பேர். என் திரையைக் காட்டினேன். மாப்பிள்ளையும் பெண்ணும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்கள். "சூப்பர் மேடம்!" என்றான் தினகர், உண்மையாகவே சந்தோஷமாக, அதுதான் தாங்க முடியவில்லை. "நான் சொன்னேனில்ல, நெட் ப்ராப்ளம்தான். சரி பண்ணிட்டீங்க பாத்தீங்களா." ம் என்றேன். ஃபர்ஹானாவின் சின்னக் கட்டத்தில் அவள் தலை குனிந்தது. மதன் தண்ணீர் குடித்தான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை, ஆறு பேரும் சேர்ந்து ஒரு பொய்யைத் தரையில் விழாமல் தாங்கிக்கொண்டிருந்தோம். "டெவலப்மெண்ட்லயே இருங்க மேடம், திங்கக்கிழமையிலேர்ந்து வேலை தர்றேன்." முடிந்தது. பிழைத்துவிட்டேன். மூச்சு இறங்கியது, சொல்லப்போனால் கண்ணில் கொஞ்சம் தண்ணீர்கூட வந்தது, வெட்கக்கேடு. அப்போதுதான் அவன், வீடியோ காலை முடிக்கப் போகிறவன், சும்மா ஞாபகம் வந்த மாதிரி சொன்னான். "ஆங், மேடம், திங்கக்கிழமை இன்னொருத்தங்க சேர்றாங்க. அவங்களும் உங்களை மாதிரிதான், அஞ்சு வருஷ கேப். கொஞ்சம் பயந்துட்டு இருக்காங்க. ஆவணத்துல கடைசிப் பக்கத்துல ஒரு டேபிள் இருக்கும், அவங்கவங்க எவ்வளவு நேரத்துல செட்டப் முடிச்சாங்கன்னு போடுவோம். உங்க டைமையும் ஒரு அரை மணி, முக்கால் மணின்னு போட்டுருங்க. பாத்தா அவங்களுக்கு ஒரு தைரியம் வரும்."

கடைசிப் பக்கத்துக்கு நான் போனதே இல்லை. பதினொன்றிலேயே நின்றவள். போனேன். பெயர், தேதி, ஆன நேரம். மேலிருந்து கீழாகப் பத்துப் பெயர். முதல் பெயர் தேன்மொழி. நான்கு நாள் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு மணி நேரம். அதற்குக் கீழே தினகர், நாற்பது நிமிடம். மதன் அரை மணி. கீழே வர வர எல்லாருக்கும் கெட்டிக்காரத்தனம் கூடிக்கொண்டே போகிறது. ஃபர்ஹானா இருபத்தைந்து நிமிடம், ஜிப் இறங்குகிற நேரத்தைக்கூட அந்தப் பெண்ணால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதற்கும் கீழே ஒரு காலிக் கட்டம், எனக்கு. திங்கட்கிழமை ஒருத்தி வருவாள். பெயர் தெரியாது. அஞ்சு வருஷ கேப். பத்துப் படியை மதியத்துக்குள் முடித்துவிடுவாள், பதினொன்றில் நிற்பாள். அவளுக்கும் ஒரு வீட்டு நெட் இருக்கும். அவளும் யாராவது எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாள். இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, கோதைநாயகிகூட முக்கால் மணியில் முடித்தாள், நமக்குத்தான் மூளை போய்விட்டது என்று நினைப்பாள். இன்றைக்குத்தான் பிழைத்தேன், முழுசாகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இவனைப் பகைத்துக்கொள்வது எதற்கு, அவளுக்காக நான் எதற்கு, அவள் யாரோ. யாரோதான். கோபம்தான், பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டும்தான். கோதைநாயகி என்று அடித்தேன். தேதி போட்டேன். ஆன நேரம்: மூன்று நாள், முடியவில்லை. பதினொன்றாவது படியை யாராலும் செய்ய முடியாது, அந்த சர்வர் இரண்டு வருஷமாக இல்லை. பழைய ஜிப்பை வாங்கித்தான் ஓட்டினேன். யார் கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. சேமி. அந்த ஆவணத்தில் யார் எதைத் தொட்டாலும் எல்லாருக்கும் மணி அடிக்கும். அடித்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, தினகரின் மெசேஜ். மேடம், அந்த லைனை எடுத்துருங்க ப்ளீஸ், மேனேஜர் பாப்பாரு, நீங்க போட்டதை வெச்சு உங்களைத்தான் கேப்பாங்க. பதில் அடிக்கத் தொடங்கி நிறுத்தினேன். அடித்தால் சரிங்க என்று வந்துவிடும், என் விரலை எனக்குத் தெரியும். போனை எடுத்துக் கூப்பிட்டேன். "சொல்லுங்க மேடம்." "லைனை எடுத்தர்றேன் தினகர். உங்க மெஷின்ல அந்தப் பழைய ஃபோல்டரை அழிச்சிட்டு, முதல் படியிலேர்ந்து, ஆவணத்துல இருக்கறபடி ஒரே ஒரு தடவை போடுங்க. பேஜ் வந்துச்சுன்னா எடுத்தர்றேன். நான் லைன்லயே இருக்கேன்." மறுமுனையில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது, யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது, அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கீபோர்ட் சத்தம் மட்டும் கேட்கவில்லை. நான் போனை வைக்கவில்லை.